பழைய டீசல் இண்டிகாவா? அப்படியென்றால் அக்கா சொல்வதைக் கேளு

டர்போ இல்லாத பழைய இண்டிகாவை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாயா? சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். 1998 கடைசியில் அறிமுகமாகி, 2001-ல் வி2 ஆகி, கால் டாக்ஸிக்காரர்கள் ராப்பகலாக ஓட்டிப் பார்த்த வண்டி அது. அந்த 1405 சிசி டீசல் என்ஜினுக்கு ஐம்பத்துச் சொச்சம் குதிரைத்திறன்தான். இழுவை கம்மி, ஒத்துக்கொள்கிறேன். கெட்டுப்போகிற சாமானும் கம்மி. பெரும்பாலும் என்ஜின் தானாகச் சாவதில்லை. அதைச் சுற்றியிருக்கிற ரப்பரையும் தண்ணீரையும் கவனிக்காமல் நாம்தான் கொல்கிறோம். உனக்கு நேரமில்லை என்று தெரியும். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

1. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது?

பதில் தெரியாதென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். பழைய வண்டி வாங்கினவர்கள் பாதிப்பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். விற்றவர் "இப்பதான் மாத்துனேன்" என்பார். பில்லைக் கேளு. பில் இல்லையா, முதல் வேலையாக மாற்று. பெல்ட் அறுந்தால் ஓடுகிற ஓட்டத்தில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் ஹெட்டை இறக்க வேண்டியதுதான். கிலோமீட்டர் ஓடவில்லையே என்று சமாதானம் சொல்லாதே. ரப்பருக்கு வயசும் ஒரு கணக்கு. பெல்ட்டோடு டென்ஷனர் பேரிங்கையும் மாற்றச் சொல்லு. பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டையும் அது தின்றுவிடும்.

2. போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதே

நம் ஊர் உப்புத் தண்ணீர் உள்ளே உப்புப் பொருக்கு கட்டும், துருப்பிடிக்க வைக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்று. வாரம் ஒருமுறை, வண்டி ஆறியிருக்கும்போது, கூலன்ட் டப்பாவில் அளவைப் பாரு. அடிக்கடி குறைகிறதென்றால் எங்கோ போகிறது. "மேல ஊத்திக்கிட்டா போச்சு" என்று ஓட்டாதே. ஹோஸைக் கையால் அமுக்கிப் பாரு; கல்லாக இறுகியிருந்தாலோ, கிளிப் பக்கத்தில் உப்பியிருந்தாலோ மாற்று. ரொம்பக் குறைந்த செலவு.

சூட்டு முள் ஏறினால் ஏ.சி.யை அணை, ஓரம் கட்டு, என்ஜினை நிறுத்து. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல வீடு" என்கிற அந்த ரெண்டு கிலோமீட்டரில்தான் ஹெட் வளையும், கேஸ்கட் போகும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தாயோ, முகம் வெந்துவிடும்.

3. டீசல் ஃபில்டரில் தங்கும் தண்ணீர்

எல்லோரும் மறக்கிற வேலை இது. டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் ஃபில்டரின் அடியில் போய்த் தங்கும். அடியில் வடிகால் திருகு இருந்தால் அதைக் கொஞ்சம் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் பிடி. சற்று நேரம் வை. கீழே தனியாக, முத்து முத்தாகத் தண்ணீர் தெரியும். சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை இறுக்கு. மழைக்காலத்தில் கட்டாயம் செய். இந்த என்ஜினின் டீசல் பம்புக்கு டீசலேதான் எண்ணெய்ப் பசை. தண்ணீர் போனால் பம்ப் துருப்பிடிக்கும், மண்ணெண்ணெய் கலந்த டீசல் போனால் தேய்ந்துபோகும். பாட்டிலில் விற்கிற மலிவு டீசலைத் தொடவே தொடாதே.

டேங்கைக் காலியாகவும் விடாதே. காற்று புகுந்தால் ஏர் லாக். அப்புறம் டீசல் ஊற்றினாலும் உடனே கிளம்பாது. ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கைப் பம்பை அமுக்கு. முதலில் லேசாகப் போகும், கையில் இறுக்கம் தெரியும்வரை அமுக்கிவிட்டு அப்புறம் செல்ஃப் அடி. மூச்சுவிடாமல் செல்ஃப் அடித்தால் பேட்டரியும் போகும், ஸ்டார்ட்டரும் போகும். ஃபில்டர் மாற்றின அன்றைக்கும் இதே வேலைதான்.

4. சாவி போட்டதும் பறக்காதே

சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியும். அணைந்த பிறகு செல்ஃப் அடி. பெட்ரோல் வண்டி மாதிரி இதற்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடாகும் காற்றில்தான் டீசல் பற்றும். காலைக் குளிரில் அதற்கு ஹீட்டர் பிளக்கின் உதவி வேண்டும். காலையில் மட்டும் அடம்பிடித்து, வெள்ளைப் புகை விட்டு, நடுங்கிக்கொண்டு கிளம்பினால் முதலில் ஹீட்டர் பிளக்கைப் பார்க்கச் சொல்லு. எடுத்த எடுப்பில் பம்பைக் கழற்ற விடாதே.

5. புகையைப் படிக்கக் கற்றுக்கொள்

• கறுப்பு: முதலில் ஏர் ஃபில்டர், அப்புறம் நாசில். தூசு ரோட்டில் ஓட்டினால் ஏர் ஃபில்டரைச் சீக்கிரமே மாற்று.
• நீலம்: என்ஜின் ஆயில் எரிகிறது. டிப் ஸ்டிக்கை அடிக்கடி பாரு.
• வெள்ளை, சூடான பிறகும் நிற்காமல், கூலன்ட்டும் குறைந்தால்: ஹெட் கேஸ்கட். தள்ளிப்போடாதே.

6. ஆயில்

மாற்றின சில நாளிலேயே கறுத்துவிட்டதே என்று பதறாதே. டீசல் கரியைத் தன்னோடு இழுத்துக்கொள்வதுதான் ஆயிலின் வேலை. புத்தகத்தில் போட்ட கெடுவுக்கு மாற்று, கூடவே ஃபில்டரும். "கொஞ்சம் கூடுதலா இருக்கட்டும்" என்று மேல்கோட்டுக்கு மேலே ஊற்றுகிறாயே, அதுதான் ஆபத்து. அதிகப்படி ஆயில் காற்றுக் குழாய் வழியாக உள்ளே போனால், அதையே எரித்துக்கொண்டு டீசல் என்ஜின் தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஆகிவிட்டால் நாலாவது அல்லது அஞ்சாவது கியர் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டு கிளட்சை விடு. அணைந்துவிடும்.

7. வெள்ளத்தில் நின்றால் செல்ஃப் அடிக்காதே

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எத்தனை வண்டி மூழ்கியது என்று பார்த்தாயே! தண்ணீரை அழுத்த முடியாது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். தள்ளி வெளியே கொண்டு வா, மெக்கானிக் தண்ணீரை வெளியேற்றட்டும். அவசரப்பட்டால் என்ஜினுக்கே விலை கொடுக்க வேண்டிவரும்.

8. மலையில்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பெரிய கியரில் முனக விடாதே. சட்டென்று கீழ்க் கியருக்குப் போ, தேவைப்பட்டால் ஏ.சி.யை அணை. இறக்கத்தில் டீசல் மிச்சம் பண்ண என்ஜினை அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உன் பிரேக்குக்குப் பலம் தருகிற வாக்குவம் பம்ப் என்ஜின் ஓடினால்தான் ஓடும். அணைத்தால் சில மிதிகளுக்கு அப்புறம் பிரேக் கல்லாகிவிடும். இந்தப் புத்தி வேண்டவே வேண்டாம்.

9. பம்பைத் திருகி இழுவை ஏற்றுகிறேன் என்பவரிடம் போகாதே

டர்போ இல்லாத என்ஜினுக்குள் போகிற காற்று அவ்வளவுதான். டீசலை மட்டும் கூட்டினால் புகையும் சூடும்தான் கூடும். அதேபோல, "என்ஜின் வேலை" என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லு. காசைப் பிறகு எண்ணு.

இன்னொன்று. ஆர்.சி.யில் 15 வருஷம் முடிகிற தேதியை இன்றைக்கே பாரு. அதற்குப் பிறகு எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும், தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. கடைசி வாரத்தில் ஓடாமல், முன்னாடியே புகைச் சான்றிதழோடு போய் வேலையை முடி.