ஒரு காட்சி போதும், மாலைக் காட்சியாகக் கேளுங்கள்

"படம் முடிந்துவிட்டது, கையில் காசும் முடிந்துவிட்டது. எப்படி வெளியிடுவது?" புதிதாகப் படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். ஒரு வருடம் முன்பே வந்திருக்க வேண்டிய கேள்வி. பூஜை போடும் நாளிலேயே வெளியீட்டுக்கென்று ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். படப்பிடிப்பு எவ்வளவு இழுத்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. மொத்தமாக 50 லட்சம் திரட்ட முடியும் என்றால் 35 லட்சத்தில் எடுக்கக்கூடிய கதையை எழுதுங்கள். கேட்கக் கசக்கும், தெரியும்.

பணம் இருப்பவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "100 தியேட்டர்களில்" என்று போஸ்டரில் போடும் ஆசை. ஒவ்வொரு திரைக்கும் டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் நிறுவனத்துக்கு வி.பி.எஃப். (விர்ச்சுவல் பிரிண்ட் ஃபீ) கட்டணம் கட்டுவது தயாரிப்பாளர்தான். நாலு பேர் வந்தாலும் அரங்கு நிறைந்தாலும் அந்தச் செலவு குறையாது. 2018 மார்ச்சில் தமிழில் புதுப்படங்களே வராமல் நின்றதற்கு இந்தக் கட்டணத் தகராறுதான் முக்கியக் காரணம். பெரிய தயாரிப்பாளர்களையே வலிக்கச் செய்த கட்டணம் அது. உங்கள் கதியை யோசித்துப் பாருங்கள்.

அந்த 100 திரைகளிலும் கிடைப்பது என்ன காட்சி? காலை 11.30. வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? ஆள் இல்லையென்று வெள்ளிக்கிழமையே காட்சி ரத்தாகும். சனிக்கிழமை அந்த இடத்தில் வேறு படம் ஓடும். நல்லதாக நாலு வார்த்தை காதுக்கு வந்து சேரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் படம் எங்கேயும் இருக்காது. ஆகவே 10 அல்லது 12 திரைகள் போதும். ஒரே ஒரு காட்சி போதும், ஆனால் மாலை 6.30 காட்சியாகக் கேளுங்கள். அதற்காகத் தியேட்டர்காரருக்குப் பங்கைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

எந்த ஊர் என்பதைக் கதையே சொல்லும். 'மேற்குத் தொடர்ச்சி மலை' மாதிரி தேனிப் பக்கத்து ஏலத்தோட்டக் கூலிகளைப் பற்றிய படம் என்றால் கம்பமும் போடியும் முதலில், சென்னை சத்தியம் தியேட்டர் பிறகு. 2013இல் வந்த 'ஷிப் ஆஃப் தீசியஸ்' குழு, எங்கள் ஊருக்கும் வேண்டும் என்று ரசிகர்களையே ஃபேஸ்புக்கில் வாக்களிக்க வைத்து, சில நகரங்களில் தொடங்கிப் பிறகு விரித்தது. அதற்கும் முன்னோடி மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு. ஊர் ஊராக 16 எம்.எம். படங்களைத் திரையிட்டு மக்களிடம் வசூலித்த பணத்தில்தான் 1986இல் 'அம்ம அறியான்' உருவானது. கல்லூரித் திரைப்படச் சங்கம், தொழிற்சங்கம், இலக்கிய அமைப்பு என்று இன்றும் 200 பேரை ஒரே அறையில் உட்காரவைக்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள். பி.ஆர்.ஓ. அனுப்பும் பத்திரிகைக் குறிப்பைவிட அந்த 200 பேர் மேல்.

விழாக்களா? போங்கள், ஆனால் பொறுமையோடு போங்கள். 'கூழாங்கல்' 2021 தொடக்கத்தில் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது. சோனி லிவ்வில் வீட்டுக்கு வந்தபோது 2023 அக்டோபர். 'காக்கா முட்டை' டொரண்டோவில் 2014 செப்டம்பர், தியேட்டரில் 2015 ஜூன். அதன் பின்னால் தனுஷும் வெற்றிமாறனும் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். விழாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். முதல் திரையிடல் தங்களிடம்தான் என்று பல விழாக்கள் விதி வைத்திருக்கின்றன. கோவாவில் நவம்பரில் நடக்கும் என்.எஃப்.டி.சி. சந்தைக்கு முடியாத படத்தையும் கொண்டு போகலாம்.

தணிக்கையில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் படக்காரர்கள். ஆடு, மாடு, சேவல் ஒன்று நடித்திருந்தாலும் விலங்கு நல வாரியத்தின் அனுமதி வேண்டும், அதையும் படப்பிடிப்புக்கு முன்பே வாங்க வேண்டும். தணிக்கையைத் தாண்டினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. டீக்கடைக் காட்சியில் பின்னால் பழைய பாட்டு ஒன்று ஒலிக்கிறதா? உரிமை வாங்கிய காகிதம் இல்லையென்றால் படத்தை வாங்கும் ஓ.டி.டி. தளம் அங்கேயே நிறுத்திவிடும்.

ஓ.டி.டி.யை நம்பி வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். கொரோனா காலத்தில் அள்ளி வாங்கிய தளங்கள் இப்போது தியேட்டரில் எப்படிப் போனது என்று கேட்கின்றன. பலவற்றில் மொத்த விலை கிடையாது, பார்த்த நேரத்துக்கு இவ்வளவு என்ற பங்குதான். அப்படியானால் எத்தனை வருடத்துக்கு, எந்த நாடுகளுக்கு, கணக்கு எப்போது காட்டுவார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். டப்பிங், ரீமேக், சாட்டிலைட், விமான ஒளிபரப்பு எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட்டு, பிறகு வேறு மொழிக்காரர் ரீமேக் கேட்டு வரும்போது விழிக்கிறவர்கள் பலர்.

ஒப்பந்தத்தில், படத்தின் முழு உரிமையையும் கைமாற்றிவிடும் 'நெகட்டிவ் உரிமை' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் வக்கீலிடம் காட்டாமல் பேனாவைத் திறக்காதீர்கள்.