யுகுலேலே நோட்டின் முதல் பக்கம்

அக்கா மகள் கல்லூரி முடித்த கையோடு ஒரு யுகுலேலே வாங்கினாள். கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று. நோட்டின் முதல் பக்கத்தில் பச்சை மையில் மூன்று வரி: தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி, மூன்று மாதத்தில் இருபது பாட்டு, வருட முடிவில் மேடை. அடுத்த பக்கத்தில் ஒன்பது தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். அதற்கப்புறம் கடைசி வரை வெறுந்தாள். வாத்தியம் உறைக்குள் புகுந்து பீரோ மேல் ஏறிவிட்டது. “எனக்கு மியூசிக் வராது மாமா, விட்டுட்டேன்” என்றாள்.

நான் அதை ஏற்கவில்லை. ஒன்பது நாள் தவறாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவளுக்கு அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும்? பிசகு அந்தப் பச்சை மை வரிகளில் இருந்தது. அவையும் அவளாக யோசித்து எழுதியவை அல்ல. வாத்தியம் கற்க வருகிற எல்லோருக்கும் ஊரும் இணையமும் சேர்ந்து ஊட்டுகிற நம்பிக்கைகள். அவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துப் பார்க்கிறேன்.

நம்பிக்கை: நாலு தந்திதானே, இதற்கெல்லாம் இலக்கு எதற்கு?

யுகுலேலேயின் தொடக்கம் எளிது என்பது உண்மை. ஜி, சி, ஈ, ஏ என்று நான்கு தந்திகள். ஏ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரலை வைத்தால் சி கார்டு. ஜி தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரலை வைத்தால் ஏ மைனர். அந்த நடுவிரலை எடுக்காமலே ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலையும் சேர்த்தால் எஃப். ஒரே சாயங்காலத்தில் மூன்று கார்டுகள் கைக்கு வந்துவிடுகின்றன.

சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. முதல் வாரத்தின் வேகத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்குக் கணக்குப் போடுகிறோம். இரண்டாம் வாரம் ஜி கார்டு வருகிறது. மூன்று விரல்கள் ஒரே சமயத்தில் இறங்க வேண்டும். பி ஃபிளாட்டில் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து இரண்டு தந்திகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஈ மேஜரில் நான்காம் ஃப்ரெட்டில் மூன்று தந்திகளை நெருக்கிப் பிடித்துக்கொண்டு, மிச்சமுள்ள விரல் இரண்டாம் ஃப்ரெட்டில் நிற்க வேண்டும். வேகம் சட்டென்று குறைகிறது. எல்லோருக்கும் இப்படித்தான் குறையும் என்று சொல்ல ஆளில்லாதவர்கள் அந்த இடத்தில் நின்றுபோகிறார்கள். எளிதாகத் தொடங்கும் வாத்தியத்துக்குத்தான் இலக்கு அதிகம் தேவை.

இதைப் பொம்மையாகப் பார்ப்பதும் வரலாற்றோடு பொருந்தாது. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல், போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹவாயின் ஹொனலுலுவில் வந்து நின்றது. மனுவேல் நூனெஸ் உட்பட மூன்று மர வேலைக்காரர்கள் அதில் வந்தார்கள். தங்கள் ஊரின் மஷெட் என்ற சிறு தந்தி வாத்தியத்தை ஒட்டி அவர்கள் செய்ததுதான் யுகுலேலேயாக மாறியது. மன்னர் கலாகௌவா அதை அரண்மனை விழாக்களுக்குள் கொண்டுபோனார். 1960களின் பிற்பகுதியில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரப் பள்ளிகளில் சால்மர்ஸ் டோன் என்ற இசை ஆசிரியர் இதே வாத்தியத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு அவர் வைத்த இலக்கைக் கவனிக்க வேண்டும்: சுரக் குறிப்பைப் பார்த்து வாசிப்பது, வாசித்துக்கொண்டே பாடுவது, காதால் கேட்டதைத் தந்தியில் கண்டுபிடிப்பது. எத்தனை கார்டு தெரியும் என்பது அங்கே பெரிய கேள்வியாக இருக்கவில்லை. அந்த முறை கனடாவின் மற்றப் பள்ளிகளுக்கும் பரவியது.

நம்பிக்கை: எத்தனை மணி நேரம் வாசித்தோம் என்பதுதான் கணக்கு.

இதுதான் அதிகப் பேரைக் கவிழ்த்த நம்பிக்கை. ஆகவே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பத்தாயிரம் மணி நேரம் என்ற எண்ணைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய ‘அவுட்லையர்ஸ்’ என்ற நூல் அதை உலகெங்கும் கொண்டுசென்றது. அந்த எண்ணின் ஊற்று, உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் இருவரும் 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. பெர்லினில் இசைக் கல்லூரி ஒன்றின் வயலின் மாணவர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஆகச் சிறந்த குழுவினர் 20 வயதுக்குள் தனியாக உட்கார்ந்து செய்திருந்த பயிற்சி, சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் என்று தெரியவந்தது. அது சராசரிதான், அந்தக் குழுவிலேயே பலர் அந்த எண்ணை எட்டியிருக்கவில்லை. எட்டினால் வித்வான் என்ற பொருளும் அதில் இல்லை. எரிக்சனே பிற்பாடு இதை எடுத்துச் சொல்லி வருத்தப்பட்டார். அவர் வலியுறுத்தியது வேறு: தன்னிடம் எது குறை என்று கண்டு, அந்தக் குறைக்கென்றே அமைத்துக்கொண்ட பயிற்சி.

இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. 2009இல் ராபர்ட் டியூக் என்ற இசைக் கல்வி ஆய்வாளரும் அவர் குழுவும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தேர்ந்த பியானோ மாணவர்கள் 17 பேருக்கு, ஷோஸ்டகோவிச்சின் படைப்பிலிருந்து கடினமான ஒரு சிறு பகுதியைக் கொடுத்தார்கள். போதும் என்று உங்களுக்குத் தோன்றும்வரை பயிற்சி செய்யுங்கள் என்றார்கள். மறுநாள் வரவழைத்து வாசிக்கச் சொல்லித் தரவரிசை போட்டார்கள். முதல் நாள் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள், எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் மறுநாளைய தரத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. முதலிடங்களில் வந்தவர்கள் தவறு எந்த இடத்தில் என்று உடனே கண்டுபிடித்தார்கள்; அந்த இடத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தார்கள்; சரியாக வரும்வரை அங்கிருந்து நகரவில்லை. மற்றவர்களும் தவறு செய்தார்கள், திரும்பத் திரும்ப அதே தவறை.

தவறு வந்ததும் பாட்டை முதலிலிருந்து தொடங்கும் பழக்கம் நம்மில் அநேகம் பேருக்கு உண்டு. அப்படிச் செய்தால் பாட்டின் முதல் நான்கு அடிகள் மெருகேறும். தடுக்கிய இடம் தடுக்கியபடியே இருக்கும். ஒரு மணி நேரம் ஓடியிருக்கும், நோட்டில் டிக்கும் விழுந்திருக்கும்.

அப்படியானால் மணிக்கணக்கை அடித்துவிட்டு என்ன எழுதுவது? அக்கா மகளின் தடை எது என்று விசாரித்தேன். சியிலிருந்து ஜிக்குப் போகும்போது மோதிர விரல் வழி தெரியாமல் நிற்கிறது என்றாள். இலக்கு அந்தப் பதிலுக்குள்ளேயே இருந்தது. போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு சி, ஜி, சி, ஜி என்று மாற்றுவது. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே மீட்டு. நான்கு தந்திகளும் தெளிவாக ஒலித்தால் மட்டும் எண்ணிக்கையில் சேர்ப்பது. இன்று 11 என்றால் 11 என்று எழுதுவது. நிமிடத்துக்கு 60 தட்டு ஓடும் நிதானமான பாட்டில் இரண்டு தட்டுக்கு ஒரு கார்டு என்றால் நிமிடத்துக்கு 30 மாற்றங்கள் வேண்டும். ஆக 30 என்பது வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. 11க்கும் 30க்கும் நடுவில் உள்ள தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, குறைவதும் தெரிகிறது.

இது நமக்குப் புதிய சங்கதியும் அல்ல. சரளி வரிசையை முதல் காலத்தில் நிறுத்திப் பாட வைத்து, சுத்தமாக வந்த பிறகே இரண்டாம் காலத்துக்கு விடுகிற ஆசிரியர்களிடம் படித்தவர்களுக்கு இது தெரியும். அந்த ஆசிரியர்கள் சாதகம் எத்தனை மணி நேரம் என்று கேட்பதைவிட, எந்த இடம் இடறுகிறது என்றே அதிகம் கேட்டார்கள்.

வார நாட்களில் நேரமில்லை, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்த்து வாசித்துவிடுகிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரித்துப் பிரித்துக் கற்பது மொத்தமாகக் கற்பதைவிட நன்றாக நிற்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே நினைவாற்றல் சோதனைகளில் காட்டினார். தினம் 15 நிமிடம் போதும். வாரக் கணக்கில் அது இரண்டு மணி நேரத்தைவிடக் குறைவுதான்; விரலில் தங்குவது அதிகம்.

நம்பிக்கை: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்; ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு.

21 என்ற எண் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜனின் 1960ஆம் ஆண்டு நூலிலிருந்து வந்தது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாட்கள் ஆகின்றன என்று தன் அனுபவத்தில் கண்டதை அவர் எழுதினார். நாளடைவில் ‘குறைந்தது’ என்ற சொல் உதிர்ந்துபோய், எண் மட்டும் விதியாக நின்றுவிட்டது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு புதிய செயல் தானாக வரும் அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாட்கள் வரை என்று கணித்தார்கள். அந்த ஆய்வில் என் மனதுக்குப் பிடித்த முடிவு இன்னொன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

அக்கா மகளின் பத்தாம் நாள் என்னவாயிற்று என்று கேட்டேன். காய்ச்சல். அன்று வாசிக்கவில்லை. தொடர் அறுந்துவிட்டது என்று பதினொன்றாம் நாளும் எடுக்கவில்லை. காய்ச்சல் ஒரு நாளைத்தான் தின்றது. மிச்ச நாட்களைத் தின்றது இந்த நம்பிக்கை. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது, அவள் மேல் அல்ல.

லாலியின் ஆய்வில் பங்கேற்றவர்கள் புதிய செயலை அன்றாடம் நடக்கிற ஒன்றோடு கட்டிவைத்தார்கள், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதுபோல. நாமும் அப்படியே செய்யலாம். ‘தினமும்’ என்று எழுதுவதைவிட, ‘ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும்’ என்று எழுதுங்கள். வாத்தியம் உறையில்லாமல், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நம்பிக்கை: இந்தப் பாட்டை வாசித்தே தீருவேன். இதைவிட நல்ல இலக்கு உண்டா?

உண்டு, குறைந்தபட்சம் முதல் சில மாதங்களுக்கு. 1997இல் பாரி சிம்மர்மனும் அனஸ்தேசியா கிட்சன்டாஸும் பள்ளி மாணவியருக்கு அம்பெறியும் டார்ட்ஸ் விளையாட்டைக் கற்றுக்கொடுத்துச் சோதித்தார்கள். சிலருக்குப் புள்ளிகள்தான் இலக்கு. சிலருக்குக் கையசைவின் படிகளைச் சரியாகச் செய்வது இலக்கு. இன்னும் சிலர் முதலில் படிகளைக் கவனித்து, அவை கைக்குப் படிந்த பிறகு புள்ளிகளுக்கு மாறினார்கள். அதிகப் புள்ளி எடுத்தவர்கள் இந்த மூன்றாம் குழுவினர். தங்கள் முன்னேற்றத்தைத் தாங்களே குறித்துவைத்தவர்களுக்கு அதனாலும் நன்மை கிடைத்தது.

பாட்டை ஆசையாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆசை இல்லாமல் யாரும் வாத்தியத்தைத் தொடுவதில்லை. நோட்டில் எழுதுவது அந்தப் பாட்டுக்குள் இருக்கிற ஒரு கார்டு மாற்றமாக, ஒரு ஸ்ட்ரம்மிங் வடிவமாக, பாடிக்கொண்டே தாளம் பிசகாமல் இருக்கிற நான்கு அடியாக இருக்கட்டும்.

பிறர் வாசிப்பதைப் பார்த்து இலக்கு வைப்பதிலும் இதே பிழை இருக்கிறது. ஹொனலுலுவின் ஜேக் ஷிமாபுகுரோ, ஜார்ஜ் ஹாரிசனின் பாட்டு ஒன்றை வாசித்த காணொளி 2006இல் யூடியூபில் பரவி அவரை உலகுக்குக் காட்டியது. நான்கு வயதில் தாயிடம் கற்கத் தொடங்கிய அவருக்கு அப்போது ஏறக்குறைய 25 ஆண்டு அனுபவம். காணொளி சில நிமிடம்தான் ஓடும்.

நம்பிக்கை: விரல் வலித்தால்தான் உழைத்தோம் என்று பொருள்.

விரல் நுனி எரிவது முதல் சில வாரங்களில் வந்து போகும். மணிக்கட்டோ முன்கையோ வலித்தால் பிடிமானம் தவறு. நிறுத்திவிட்டுப் பிடியைத் திருத்த வேண்டும். புதுத் தந்தி சில நாட்களுக்கு இழுபட்டுக்கொண்டே இருப்பதால் சுருதி இறங்கும். அது உங்கள் குற்றம் அல்ல. ட்யூனரை வைத்துக்கொண்டு சுருதி சேர்க்கப் பழகுவதையே முதல் வாரத்தின் முழு இலக்காக வைக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அக்கா மகள் நோட்டின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து ஒரு வரி எழுதினாள்: சி – ஜி, 11. நான்கு நாள் கழித்துப் போனில் 16 என்றாள்.

உங்கள் வீட்டு பீரோ மேலும் ஒன்று இருந்தால் இன்று ராத்திரி இறக்குங்கள். சுருதி சேருங்கள். உங்களைத் தடுக்கிற ஒரு மாற்றத்தை ஒரு நிமிடம் வாசித்து எண்ணுங்கள். எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தேதி போட்டு எழுதிவையுங்கள்.