கொல்லா ஆட்டமும் கணக்குத் திருத்தமும்

போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்று வெற்றி கொண்ட வீரன்மீது பாடப்பெறுவது பரணி என்று பாட்டியல் நூல்கள் இலக்கணம் கூறும். கலிங்கத்துப் போரின் வெற்றியைச் சயங்கொண்டார் பரணியாகப் பாடினார். அவ்விலக்கியத்தை ஒருவகையில் எண்ணிக்கை இலக்கியம் எனலாம்; எண் குறைந்தால் பரணிக்குத் தலைவன் இல்லை. இன்று இதற்கு நேர்மாறான இலக்கணம் ஒன்றை இளைஞர் சிலர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டுள்ளனர். அவர்கள் களம் கணிப்பொறித் திரை. அவர்கள் வேண்டும் எண் சுழி. வாளும் துப்பாக்கியும் கையில் தரப்பட்டிருந்தும், ஆட்டத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை ஓருயிரையும் கொல்லாமல் கடந்து செல்வதே அவர்கள் மேற்கொண்ட விரதம். இதனைக் கொல்லா ஆட்டம் என இக்கட்டுரையில் குறிப்போம்.

இவ்விரதத்தில் ஓர் இடர் உண்டு. ஆடுபவர் அறியாமலோ, கணிப்பொறியின் பிழையாலோ கொலைக் கணக்கில் ஒன்று ஏறிவிடுகிறது. பல நாள் உழைப்பு அவ்வோர் எண்ணால் வீணாகிறது. அப்போது சிலர் ஆட்டத்தின் கோப்பைத் திறந்து அந்த ‘ஒன்றை’ மீண்டும் ‘சுழி’யாக்கி விடுகின்றனர். இச்செயல் பொய்யா, பிழைதிருத்தமா? பொழுதுபோக்கைப் பற்றிய வினாதானே எனப் பெரியோர் இதனைத் தள்ளிவிட வேண்டா. கொல்லாமையும் வாய்மையும் எதிரெதிரே நிற்கும் இடம் இது.

நம் ஆட்டங்கள்

கொல்லாமல் வெல்லுதல் நமக்குப் புதிதன்று. ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். பழங்கோயில் மண்டபங்களின் கல்தளத்தில் அதன் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். இருபத்துமூன்று சந்திகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. அது செய்யக்கூடியது ஒன்றே: நெருங்கி நின்று, வழியடைத்து, புலியை அசையவொட்டாமல் செய்வது. ஆட்டுப் பக்கம் ஆடியவர் வென்றால் அவர் கையில் ஓருயிரும் போகவில்லை என்பது உறுதி. மூன்று புலிகளும் உயிரோடுதான் இருக்கும். நகர முடியாமல் இருக்கும், அவ்வளவே. உலகின் பெருநிறுவனங்கள் பெரும்பொருள் செலவிட்டு அமைக்கும் கொல்லா வழியைப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் கொண்டு நம் மூத்தோர் அமைத்துவிட்டனர் என்றால் அது வெறும் பழம்பெருமை ஆகாது.

தாயம் வேறுவகை. பல வீடுகளில் ஒரு வெட்டாவது வெட்டாதவரின் காய் உள்கட்டத்தில் நுழையலாகாது என்பது விதி. கொல்லா விரதம் பூண்டவர் அங்கே வெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்! பரமபதத்திலோ கொலை பாம்பின் வாயாகவும் நற்குணம் ஏணியாகவும் வரும். எனினும் காயை நகர்த்துவது உருட்டப்படும் எண்ணே. ஆடுபவரின் உள்ளம் அன்று.

இவ்வாட்டங்களில் கணக்கு எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. வெட்டுண்ட ஆடு பலகைக்கு வெளியே கிடக்கும். ஐயம் எழுந்தால் எதிரில் இருப்பவர் தீர்த்துவைப்பார். கணிப்பொறி ஆட்டத்தில் கணக்கன் மறைந்திருக்கிறான். இடர் அங்கேதான் தொடங்குகிறது.

மறைந்திருக்கும் கணக்கன்

2011இல் வெளிவந்த ‘டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்’ என்னும் ஆட்டத்தில், எவரையும் கொல்லாமல் முடிப்பவருக்கு அமைதியாளர் என்னும் சிறப்பு உண்டு. முதற்பதிப்பில் பெரும்பகைவர் சிலரைக் கொல்லாமல் கடக்க வழியே வைக்கப்படவில்லை. ஆதலால் அக்கொலைகள் மட்டும் கணக்கில் சேரா. ஆனால் கதையின் முன்னுரைப் பகுதியில், ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும்போதே ஒருவனைச் சுட்டுவிட்டால் அது சேரும். ஆடுபவருக்கு இது முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை. முடிவில் சிறப்புக் கிட்டாதபோதுதான் எங்கோ எவரோ இறந்திருக்க வேண்டும் எனத் தெரியவரும். எங்கே, எவர் என்பது தெரியாது.

2012இல் வந்த ‘டிஸானர்டு’ இன்னும் நுட்பமானது. காவலனை மயக்கமுறச் செய்து ஓரிடத்தில் கிடத்திவிட்டு நாம் அப்பால் செல்கிறோம். எலிக்கூட்டம் வந்து அவனைத் தின்றுவிட்டால், அல்லது அவன் நீரில் மூழ்கிவிட்டால், அக்கொலை நம் பெயரில் எழுதப்படும். இதனை வெறும் பிழை எனத் தள்ள இயலாது. காப்பின்றிக் கிடத்தியவனுக்கும் அச்சாவில் பங்குண்டு என்று ஆட்டத்தை அமைத்தோர் கருதியிருத்தல் கூடும். கொலை மிகுந்தால் நகரில் எலியும் நோயும் பெருகும். முடிவும் இருள் சூழ்ந்ததாக மாறும்.

2004இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 3’இல் எண்ணே காட்சியாகிறது. ஓர் ஆற்றில் தலைவன் நடந்து செல்கையில், அதுவரை அவன் கொன்றவர்கள் ஆவியுருவில் எதிரே வருகின்றனர். பலரைக் கொன்றவனுக்கு அந்த ஆறு நெடிது. கொல்லாது வந்தவனுக்குக் குறிது. பரணியின் களம்பாடும் பகுதியைக் கற்ற மாணவர் இக்காட்சியை அதனோடு ஒப்பிட்டு ஆராயலாம்.

‘அண்டர்டேல்’ என்னும் 2015ஆம் ஆண்டு ஆட்டம் தனியே குறிப்பிடத்தக்கது. பிற ஆட்டங்களில் பகைவரைக் கொன்றால் அனுபவப் புள்ளி ஏறும். இங்கும் அதே சுருக்கெழுத்துகள் வருகின்றன. ஆனால் அவற்றின் விரிவு கொலைப் புள்ளி, வன்முறை நிலை என்பதை இறுதியில்தான் ஒரு பாத்திரம் வெளிப்படுத்தும். ஓருயிரையும் கொல்லாதவருக்கே முழுமையான முடிவு கிட்டும். தாய்போல் காத்தவளைத் தவறிக் கொன்றுவிட்டு, முன்னர்ச் சேமித்த இடத்திற்குத் திரும்பி, இம்முறை கொல்லாமல் விட்டாலும் மற்றொரு பாத்திரம் எள்ளிநகையாடும்: நீ செய்ததும் தெரியும், பின்வாங்கியதும் தெரியும் என்னும் பொருள்பட. அழித்த எழுத்தின் தடம் கோப்பில் எஞ்சியிருக்கிறது. கணக்கை ஒழுங்கற்ற நிலைக்குத் திருத்தியவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஒரு முடிவும் இதில் உண்டு. இது நிரலின் பிழையாக இருக்கலாம். இல்லையேல் நீ கோப்பில் கைவைத்தவனாக இருக்கலாம் என்று ஒரு பாத்திரம் தொலைபேசியில் சொல்லும். தன்னைத் திருத்துவோரையும் எதிர்நோக்கி எழுதப்பட்ட படைப்பு, இலக்கிய மாணவருக்கு வியப்பளிக்க வேண்டியதே.

திருத்தும் முறை

எண் எங்கே இருக்கிறது? ஆட்டத்தைச் சேமிக்கும்போது கணிப்பொறி ஒரு கோப்பு எழுதுகிறது. சில ஆட்டங்களில் அது எவரும் படிக்கத்தக்க எழுத்துக் கோப்பு. வரிசையாக எண்கள் இருக்கும். வேறு சிலவற்றில் அது பைட்டுகளின் தொகுதி. பதினறும எண்முறையில் காட்டும் கருவி கொண்டே படிக்க இயலும். ஒன்று என்னும் எண் நான்கு பைட்டுகளில் எழுதப்பட்டால் நம் வீட்டுக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் 01 00 00 00 எனக் காணப்படும். சிற்றெண் முதலிலும் பேரெண் பின்னும் வரும். ஒரு கோப்பில் இத்தகைய ‘ஒன்றுகள்’ ஆயிரக்கணக்கில் இருக்கும். கொலைக்குரிய ஒன்று எது?

வழி எளியது, பொறுமை வேண்டும். ஒரு கொலைக்கு முன்னர் ஒரு சேமிப்பு, பின்னர் ஒரு சேமிப்பு என இரண்டு கோப்புகளை எடுத்து ஒப்பிட வேண்டும். மாறியுள்ள இடங்களைக் குறித்துக்கொண்டு, மீண்டும் ஒரு கொலை செய்து ஒப்பிட்டால், ஒன்று இரண்டாகிய இடம் புலப்படும். கொல்லா விரதத்தைக் காக்க, விரதத்துக்குப் புறம்பான மற்றோர் ஆட்டத்தில் இரண்டு கொலைகள் செய்தாக வேண்டியிருக்கிறது என்பது இதிலுள்ள முரண். சில ஆட்டங்கள் கோப்பின் எண்களையெல்லாம் கொண்டு ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கணித்து உடன் எழுதிவைக்கும். ஓரெண்ணை மாற்றி, அத்தொகையை மாற்றாமல் விட்டால் கோப்பு ஏற்கப்படாது. மூலக் கோப்பின் படியொன்றை வேறிடத்தில் வைக்காமல் இதில் இறங்குவோர், கொலைக் கணக்கோடு ஆட்டம் முழுவதையும் இழப்பர்.

திருத்தலாமா?

கடனாநதிக் கரையிலுள்ள ஆழ்வார்குறிச்சியிலிருந்து வரும் மாணவர் ஒருவர் இவ்வினாவை எழுப்பினார். இத்தகைய ஆட்டம் ஒன்றை ஒரு கோடை விடுமுறை முழுவதும் கொல்லாமல் ஆடியிருக்கிறார். இறுதியில் கணக்கு ஒன்று காட்டியது. அவர் மயக்கிக் கிடத்திய காவலன், அவர் அவ்விடம் விட்டுச் சென்ற பின்னர் இறந்திருக்கிறான். “ஐயா, நான் கொல்லவில்லை. சுழி என்பதுதானே உண்மை? அப்படியானால் திருத்துவது எப்படிப் பொய்யாகும்?” என்றார்.

திருக்குறளின் கொல்லாமை அதிகாரத்தில் மூன்றாம் குறள் கொல்லாமைக்கு முதலிடமும் பொய்யாமைக்கு அடுத்த இடமும் தருகிறது. வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளோ, குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது. மாணவருக்குச் சார்பான சான்றுகள் போல இவை தோன்றும். ஆயின் இங்கு எண்ணைத் திருத்துவதால் காக்கப்படும் உயிர் எதுவும் இல்லை. காக்கப்படுவது ஆடியவரின் பெயரே. ஆதலின் வாய்மைக் குறளை இதற்குத் துணையழைத்தல் பொருந்தாது என்பது என் கருத்து.

மனுநீதிச் சோழன் கதை இங்கு நினைக்கத்தக்கது. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டு இறந்தது கருதிச் செய்த கொலையன்று. அமைச்சர் கழுவாய் கூறினர். அதாவது கணக்கைத் திருத்த வழி சொன்னார்கள். மன்னன் ஏற்கவில்லை. பின்னர் இறைவன் அருளால் கன்றும் மகனும் உயிர்பெற்றனர் எனப் பெரியபுராணம் கூறும். இக்கால மாணவர் மொழியில் அது முன்சேமித்த இடத்திற்குத் திரும்புதல்! நாட்டுச் சட்டமோ மன்னனைப் போலக் கடியதன்று. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, அதற்கு முன்னிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தைப் போலவே, கருதிச் செய்த கொலையையும் கவனக்குறைவால் நேர்ந்த சாவையும் தனித்தனியே பிரிக்கிறது. ஆட்டத்தின் கணக்கனிடம் இருப்பது ஒரே பத்தி. கருத்தை எழுத அதில் இடமில்லை.

இவ்விடத்தில் நம் துறையினர்க்குப் பழக்கமான ஒரு நெறி உதவும். ஏட்டில் எழுதியவர் பிழை செய்திருந்தால் பதிப்பாசிரியர் என் செய்கிறார்? உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த நாள் முதல் கைக்கொண்ட வழி நமக்குத் தெரியும். பொருந்தும் பாடத்தைத் தேர்ந்தார். மாறுபட்ட பாடங்களை மறைக்காமல் குறிப்பிட்டார். திருத்தம் என்பதும் அழித்தல் என்பதும் ஒன்றல்ல. சுவர் ஊடே விழுந்து தானே இறந்தவனைக் கணிப்பொறி நம் கணக்கில் ஏற்றினால் அது ஏட்டுப் பிழை. அதைத் திருத்துவதில் குற்றம் காண்பதற்கில்லை. எலி தின்ற காவலன் அப்படியல்லன். அவனை அங்கே கிடத்தியவர் நாம். அந்த ஒன்று கணக்கனின் பிழையன்று. நமக்கு உவப்பில்லாத பாடம்.

தனியே ஆடி மகிழ்பவர் தம் கோப்பில் எதை எழுதினாலும் எவருக்கும் இழப்பில்லை என்பதையும் மறுக்கவில்லை. முழு முடிவையும் பார்க்க வேண்டும் என்னும் ஆவலால் எண்ணை மாற்றிப் பார்ப்பதில் தீங்கென்ன? அதைக் காட்டி “நான் கொல்லாமல் முடித்தேன்” எனப் பிறரிடம் சொல்லும்போதுதான் அது கூற்றாகிறது; கூற்றுக்கு வாய்மை வேண்டும்.

மாணவரிடம் இவற்றைச் சொன்னபோது அவர் முழுதும் உடன்படவில்லை. காவலனை உயரமான இடத்தில் கிடத்தியிருந்ததாகவும், அங்கே எலி ஏறியிருக்க முடியாதென்றும் வாதிட்டார். அது மெய்யாயின் வழக்கே மாறிவிடும், பிழை கணக்கனுடையது. எந்த இரவில், எந்தக் கட்டத்தில் அந்த ஒன்று ஏறியது என்பதைப் பழைய சேமிப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் தேடிக்கொண்டிருப்பதாகச் சென்ற வாரம் கூறினார். நாற்பது கோப்புகளில் பதினேழு முடிந்திருக்கின்றனவாம்.