பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?



நம் வாழப்பாடி வட்டாரத்தில் கோடையானாலும் சரி, மழை பிடித்துக் கிணற்றில் புதுத்தண்ணி ஊறும் காலமானாலும் சரி, குழந்தைகளுக்குப் பேதி வருவதுண்டு. அப்போது பல வீடுகளில் ஒரு வாக்குவாதம் நடக்கும். "ஏனுங்க, குடிக்கிற தண்ணியெல்லாம் அப்படியே வெளியே போயிருதுங்க. மேல மேல குடுத்தா இன்னும் அதிகமாத்தானுங்க போகும்?" என்பார் தாய். "அப்ப வயித்தைக் காயப்போடு. காலைல டாக்டர்கிட்டப் போயி குளுக்கோஸ் ஏத்திக்கலாம்" என்பார் தகப்பனார். கேட்பதற்கு இரண்டும் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் காலை வரை குழந்தையின் உடம்பு தாங்காமல் போகலாம். பேதியில் குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் உடம்பிலுள்ள நீரும் உப்பும் வற்றிப்போவதால்தான்.

குடிக்கிற தண்ணீர் நிற்குமா, நிற்காதா? இதற்குப் பதில் குடலின் உட்சுவரில் இருக்கிறது.

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 'செல்' என்று படிப்பது இதைத்தான். ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி, எண்ணெய்ப் படலம் போன்ற மெல்லிய சவ்வு உண்டு. உப்பும் சர்க்கரையும் இந்தப் படலத்தை நேராகக் கடந்து உள்ளே போக முடியாது. அதற்குக் கதவு வேண்டும். புரதத்தால் ஆன சின்னஞ்சிறு கதவுகள் சவ்வில் பதிந்திருக்கின்றன. இன்ன கதவு வழியே இன்ன பொருள்தான் போகலாம் என்று கணக்கு உண்டு.

இவை வீட்டுக் கதவு போல நிலை வைத்துக் கட்டியவை அல்ல. தேவை வரும்போது உயிரணு உள்ளே வைத்திருக்கும் கதவுகளைக் கொண்டுவந்து சவ்வில் பொருத்தும். வேண்டாதபோது உள்ளே இழுத்துக்கொள்ளும். சிலவற்றைச் சவ்விலேயே விட்டுத் தாழ் மட்டும் போடும், தாழ் மட்டும் திறக்கும். சாப்பிட்டபின் இன்சுலின் சுரந்ததும் தசைகளில் சர்க்கரைக் கதவுகள் வெளியே வருவது இப்படித்தான். சர்க்கரை நோயில் கெடுவதும் இந்த ஏற்பாடே. அதை வேறொரு சமயம் பேசலாம்.

பெரியவர் ஒருவரின் குடலுக்குள் நாள் ஒன்றுக்கு 8, 9 லிட்டர் நீர் வருகிறது. குடிப்பது 2 லிட்டர் அளவுதான். மீதியெல்லாம் எச்சில், பித்தநீர் போல உடம்பே சுரப்பது. அத்தனையையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு போவது ஒரு டம்ளருக்கும் குறைவு. உப்பை உள்ளே எடுத்தால் தண்ணீர் அதன் பின்னாலேயே போகும். குடல் தண்ணீரை உறிஞ்சும் சூட்சுமம் இதுதான்.

காலரா வரும்போது இது தலைகீழாகிறது. நோய் உண்டாக்குவது கிருமி குடலில் கக்கும் நஞ்சு என்று 1959-ல் கல்கத்தாவில் முயல்களை வைத்துக் காட்டியவர் சம்பு நாத் டே. அந்த நஞ்சு உயிரணுவுக்குள் புகுந்து, கதவுகளை ஆளும் விசையை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. குளோரைடு என்ற உப்புச் சத்தை வெளியே விடும் கதவு திறந்தபடியே நின்றுவிடுகிறது. உப்பை உள்ளே எடுக்கும் கதவுகளில் முக்கியமான ஒன்று முடங்குகிறது. அதில் பலவற்றை உயிரணு உள்ளே இழுத்தும் விடுகிறது. மடை உடைந்த வாய்க்கால் போல நீர் கொட்டுகிறது. வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்தால் நிற்காமல் போவதற்குக் காரணம் இதுவே. ஆகவே அந்தத் தாய் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது!

ஆனால் ஒரு கதவை அந்த நஞ்சால் அடைக்க முடிவதில்லை. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் மட்டும் திறக்கும் கதவு அது. தனி உப்புக்குத் திறக்காது, தனி சர்க்கரைக்கும் திறக்காது. இரண்டும் ஜோடியாக உள்ளே போகும். தண்ணீரும் கூடவே போகும். இந்த ஜோடிக் கணக்கை 1960-ல் எடுத்துச் சொன்னவர் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி.

1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளின் முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்காளத்தில் எல்லையோரம் உள்ள பன்கான் ஊரில் ஊசி வழியே ஏற்றும் மருந்து தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அவர் முகாமில் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது. ஊட்டியவர்கள் படித்த நர்சுகள் அல்ல என்பதைக் கவனியுங்கள். அம்மாக்களும் அண்ணன்மாரும்தான்.

அந்தப் பொட்டலத்தின் வாரிசுதான் இன்று துணை சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். 2002-ல் உலக சுகாதார நிறுவனம் அதன் உப்பையும் சர்க்கரையையும் சற்றுக் குறைத்தது. கரைசல் நீர்த்திருந்தால் பேதியும் வாந்தியும் குறைகின்றன. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். 'கெட்டியா இருந்தா சத்து' என்று முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளரில் கலக்கிவிடுகிறார்கள். உப்பும் சர்க்கரையும் மிஞ்சினால் அவை குடலிலேயே தங்கி, உடம்பின் தண்ணீரையே குடலுக்குள் இழுக்கும். பேதி கூடும். கலர், சோடா, வெறும் குளுக்கோஸ் பவுடர் எல்லாம் இதே கதைதான். ஒரு லிட்டர் பொட்டலத்துக்கு, காய்ச்சி ஆறிய தண்ணீர் சரியாக ஒரு லிட்டர், அதாவது 200 மில்லி டம்ளரில் 5. பொட்டலம் கைவசம் இல்லாத ராத்திரியில், அதே ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும், குவிக்கக் கூடாது. கரைத்தது ஒரு நாளுக்குத்தான், மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு தடவை பேதியானதும், இரண்டு வயதுக்குக் கீழே கால் முதல் அரை டம்ளர், அதற்கு மேல் அரை முதல் ஒரு டம்ளர். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். அம்மா அடுப்பைப் பார்க்கும் நேரத்தில் அப்பா மடியில் வைத்து ஊட்டலாமே!

கஞ்சியும் நல்லது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவைக் கரைசலோடு சேர்த்தபோது காலரா நோயாளிகளுக்குப் பேதி குறைந்தது. பெருங்குடலில் அந்த மாவு புளித்து உண்டாகும் பொருள், அங்கேயும் உப்பு உள்ளே போக வழிசெய்கிறது. நம்மூர் ஜவ்வரிசிக் கஞ்சியும் அரிசிக் கஞ்சியும் உணவாகக் கொடுக்கத் தக்கவை, உப்புப் போட்டு. அவற்றைக் கரைசலுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது.

குடலின் உயிரணுக்கள் நாலைந்து நாளில் உதிர்ந்து, புதியவை முளைத்துவிடும். புதியவற்றின் கதவுகள் பழுதில்லாதவை. பெரும்பாலான பேதி தானாக நிற்பது இதனால்தான். அதுவரை நீர் வற்றாமல் பார்ப்பதே நம் வேலை. சுகாதார நிலையத்தில் தரும் துத்தநாக மாத்திரையையும், பேதி நின்றாலும் விடாமல், 14 நாள் கொடுக்க வேண்டும்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை அதில் பாதி.

நீர் வற்றுகிறதா என்பதைச் சிறுநீரில் பாருங்கள். உடம்பில் நீர் குறைந்ததும் மூளையிலிருந்து ஓர் உத்தரவு வரும். சிறுநீரகத்தின் உயிரணுக்கள் தண்ணீர்க் கதவுகளைச் சவ்வுக்குக் கொண்டுவந்து, கிடைத்த நீரையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சிறுநீர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போகிறது. ஆறு மணி நேரமாகப் போகவேயில்லை, கண் குழிந்துவிட்டது, கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்புகிறது, குழந்தை சோர்ந்து குடிக்க மறுக்கிறது, மலத்தில் ரத்தம் என்றால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. டிரிப்ஸ் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரையிலும், வழியிலும், குழந்தை விழுங்க முடிந்தால் கரைசலை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே இருங்கள்.