காய்ந்த எடையும் களத்து எடையும்

பருத்தி நூலில் இயல்பாகவே ஈரம் உண்டு என்பதை நெசவாளர் அனைவரும் அறிவர். முற்றிலும் உலர்த்திய 100 கிலோ நூலுக்கு 8½ கிலோ ஈரம் சேர்த்து, 108½ கிலோ என்று கொள்வது வியாபாரத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கம். மழைக்காலத்தில் நூல் இதற்கு மேலும் ஈரம் இழுக்கும். கோடையில் குறைவாகவே இழுக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் கையிருப்பை நாம் சரிபார்த்தோம். மழைக்காலத்தில் நிறுத்து வாங்கிய கட்டுகளைச் சித்திரை வெயிலில் மீண்டும் நிறுத்தோம். எடை குறைந்தது. "கையிருப்பில் குறைவு" என்று குறிப்பு எழுதிவிட்டோம். கிடங்கைக் காத்து வந்த ஊழியர்மீது சில நாட்கள் வீண் சந்தேகம் நிலவியது. பிறகுதான் உண்மை விளங்கியது: குறைந்தது நூலன்று, ஈரம். பிழை அவருடையதன்று, நம்முடையது. இரு வேறு நிலைகளில் எடுத்த எடைகளை ஒரே பத்தியில் எழுதி ஒப்பிட்டதே அப்பிழை.

இதே பிழை வேறொரு தேசத்தில், வேறொரு பொருளின் விஷயத்தில், எவ்வாறு நேர்கிறது என்பதை இப்பாடத்தில் காண்போம். அப்பொருள் வட அமெரிக்காவின் மலைகளில் ஓடும் பனிவண்டி. தொலைவிலுள்ள உதாரணமாயினும், எடைக் கணக்கின் எல்லாப் படிகளும் அதில் தெளிவாக அமைந்துள்ளன.

1. பனிவண்டி என்பது யாது?

ஸ்னோமொபைல் எனப்படும் இவ்வண்டிக்கு முன்புறம் திருப்புவதற்கு இரண்டு சறுக்குக் கட்டைகள் உண்டு, சக்கரங்கள் இல்லை. பின்புறம் அகன்ற ரப்பர்ப் பட்டை ஒன்று சுழன்று, பனியைத் தள்ளி வண்டியை முன்னே செலுத்தும்.

இதன் வரலாறு துயரத்தில் தொடங்கியது. கானடா தேசத்தின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர் என்னும் ஊரில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்ற யந்திர வல்லுநர் வாழ்ந்தார். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் கடும் வயிற்று நோயால் இறந்தான். பனி மூடிய பாதையில் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வழியில்லாமற் போயிற்று. பனியில் ஓடும் வாகனம் செய்வதில் அதற்கு முன்பே ஈடுபட்டிருந்த அவர், பின்னும் விடாது முயன்றார். 1959-இல் அவர் ஸ்கீ-டூ என்னும் சிறு வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்குமுன், 1954-இல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ரோசோ என்ற ஊரில் போலாரிஸ் நிறுவனம் தோன்றியிருந்தது.

இன்றைய வண்டிகளில் மலைக்கென்றே செய்யப்படுபவை தனி வகை. இவற்றின் பட்டை நீளமானது. 154 அங்குலம், 165 அங்குலம் ஆகிய சுற்றளவுகள் சாதாரணம். பட்டையின்மீது ஏறக்குறைய 3 அங்குலம் உயர்ந்த துடுப்புகள் இருக்கும். ஆழமான புதுப்பனியில் வண்டி மூழ்காமல் மிதந்து ஏறுவதற்கே இந்த ஏற்பாடு. விலையோ பெரும்பாலும் 15,000 டாலருக்கு மேல்.

2. விளம்பரத்தில் காணும் எடை

மலை வண்டி வாங்குவோர் முதலில் கேட்பது, "எடை எவ்வளவு?" என்பதே. விற்பனைப் பத்திரங்களில் காணப்படுவது பெரும்பாலும் "காய்ந்த எடை". அதாவது பெட்ரோல், எண்ணெய், யந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் முதலியவை சேராத எடை. சில சமயங்களில், தனி விலை கொடுத்துச் சேர்க்க வேண்டிய பாகங்களும் அதில் அடங்குவதில்லை. மலை வண்டிகளின் காய்ந்த எடை பொதுவாக 200 கிலோவை ஒட்டியே இருக்கும். ஆகவே நான்கு, ஐந்து கிலோ வித்தியாசமே விற்பனையில் பெரிதாகப் பேசப்படுகிறது.

காய்ந்த எடை பொய்யன்று. ஆனால் காய்ந்த வண்டி மலையேறாது என்பதை வாங்குவோர் மறக்கலாகாது.

3. ஒரு கணக்கு

பெட்ரோல் ஒரு லிட்டர் சுமார் ¾ கிலோ நிறையுள்ளது. வண்டிகளின் பெட்ரோல் தொட்டிகள் ஒரே அளவினவல்ல. புதிய ஸ்கீ-டூ சம்மிட் வகையில் 36 லிட்டர் கொள்ளும். வேறு சில மலை வண்டிகளில் 43 லிட்டருக்கு மேலும் கொள்ளும். பாடத்தின் பொருட்டு, கற்பனையாக இரு வண்டிகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் வண்டியின் காய்ந்த எடை 200 கிலோ. தொட்டி 36 லிட்டர். இரண்டாம் வண்டியின் காய்ந்த எடை 196 கிலோ. தொட்டி 44 லிட்டர். எண்ணெய்க்கும் குளிர்விப்பு நீருக்கும் இரண்டிலும் 8 கிலோ எனக் கொள்வோம்.

காய்ந்த நிலையில் இரண்டாம் வண்டி 4 கிலோ இலேசானது. தொட்டியை நிரப்பிய பின்போ, முதல் வண்டி 200, 27, 8 ஆக 235 கிலோ. இரண்டாம் வண்டி 196, 33, 8 ஆக 237 கிலோ. இலேசான வண்டி கனமாகிவிட்டது!

இவ்விடத்தில் அவசரப்பட்டு, "விளம்பரம் ஏமாற்று, முதல் வண்டியே மேல்" எனத் தீர்ப்புச் சொல்லலாகாது. இரண்டாம் வண்டி 8 லிட்டர் அதிகம் சுமப்பதால் அதிக தூரமும் செல்லும். இரண்டிலும் சமமாக 28 லிட்டர் ஊற்றி நிறுத்தால், முதலாவது 229 கிலோ. இரண்டாவது 225 கிலோ. மீண்டும் இரண்டாவதே இலேசு. எனவே நியாயமான ஒப்பீடு, இரு வண்டிகளிலும் ஒரே அளவு பெட்ரோல் ஊற்றி, ஒரே தராசில் நிறுத்துப் பெறும் எடையேயாகும்.

4. பத்திரத்தில் வராத பாரம்

பொத்தானை அழுத்தி யந்திரத்தைக் கிளப்பும் மோட்டாரும் மின்கலமும் சில கிலோ எடையைக் கூட்டும். சில புது வண்டிகளில் மின்கலத்திற்குப் பதிலாக மின்தேக்கி ஒன்றை வைத்து இப்பாரத்தைக் குறைத்துள்ளனர். அவற்றில் முதல் முறை கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். உபரி பெட்ரோல் கலம், கருவிப் பை, பலத்த முன்காப்பு ஆகியவையும் ஏறும். இவை போதாவென்று, ஓடும்போது வண்டியின் அடியிலும் காலடிப் பலகையிலும் பனி ஒட்டி இறுகும். இறுகிய பனி ஒரு கன மீட்டர் 400 கிலோ எனக் கொண்டால், 30 லிட்டர் இடத்தை அடைத்த பனி மட்டுமே 12 கிலோ ஆகிறது. விலை பேசும்போது பெரிதாகத் தோன்றிய நான்கு கிலோவைப் போல் இது மூன்று மடங்கு!

5. எடை மட்டுமே போதுமா?

போதாது. 165 அங்குலப் பட்டை 154 அங்குலப் பட்டையைவிடக் கனமானது. ஆனால் 11 அங்குல வித்தியாசத்தில் ஏறக்குறையப் பாதி, அதாவது 14 சென்டிமீட்டர், கூடுதலாகப் பனியில் படிகிறது. பட்டையின் அகலம் 16 அங்குலமாயின், சுமார் 570 சதுர சென்டிமீட்டர் பரப்பு அதிகம் கிடைக்கிறது. கனம் சிறிது கூடினும், பாரம் பரவுவதால் வண்டி குறைவாகவே மூழ்கும்.

இன்னொன்று: மலை உயர உயரக் காற்று அடர்த்தி குறையும். 3,000 மீட்டர் உயரத்தில் சாதாரண யந்திரம் தன் வலிமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போ அமைப்பு இந்த நஷ்டத்தை ஈடு செய்யும். ஆனால் தன் எடையையும் வண்டியில் ஏற்றும். பயன் தரும் எடை எது, வீண் எடை எது என்று பிரித்தறிதல் அவசியம்.

6. இதில் உயிரின் கணக்கும் உண்டு

ஆழ்பனியில் புதைந்த வண்டியைக் கையால்தான் தூக்கித் திருப்ப வேண்டும். மெல்லிய காற்றில், மார்பளவு பனியில், 230 கிலோ வண்டியை இருமுறை புரட்டியவன் மூன்றாம் முறை சோர்ந்துவிடுவான். சரிவின் நடுவே வண்டி புதைந்தால் அபாயம் பன்மடங்கு. பனிச்சரிவு நிகழக்கூடிய இடத்தில் ஒருவர் சிக்கியிருக்க, உதவ எண்ணி மற்றொருவரும் வண்டியுடன் ஏறினால், சரிவு இருவரையும் வாரிச் செல்லக் கூடும். எனவேதான் சரிவில் ஒரு நேரத்தில் ஒருவரே செல்ல வேண்டும் என்று அங்கே கற்பிக்கின்றனர். தேடற்கருவி, துழாவு கோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும் என்பதும் விதி. எடையைக் குறைக்க வேண்டுமென்று இவற்றை விட்டுச் செல்பவன், கணக்கைத் தலைகீழாகப் போட்டவனாவான்.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ரெவல்ஸ்டோக் என்ற மலையூரில் பனிவண்டிக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, பாதைக் கட்டணம் வசூலித்து, மலைப்பாதைகளைச் சீர்செய்து வருகின்றனர். தனித்துச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்வது என்ற நம் கொள்கை அங்கும் பயன் தருவது மகிழ்ச்சிக்குரியது.

7. அங்கத்தினர் நினைவில் கொள்ள வேண்டியவை

எந்த எடையைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்த நிலையில் நிறுத்தது? எவை சேர்ந்துள்ளன, எவை சேரவில்லை? ஒப்பிடும் மற்றப் பொருளும் அதே நிலையில் நிறுக்கப்பட்டதா? இவற்றிற்கு விடை கிடைக்கும்வரை, எவரையும் புகழவும் வேண்டா, பழிக்கவும் வேண்டா. அன்று அக்கிடங்கில் நாம் இக்கேள்விகளைக் கேட்டிருந்தால், நேர்மையான ஓர் ஊழியர் தலைகுனிந்து நின்றிருக்க நேர்ந்திராது.

பயிற்சி

(1) மேற்கூறிய இரு வண்டிகளிலும் 20 லிட்டர் பெட்ரோல் இருப்பின், ஒவ்வொன்றின் எடை என்ன?

(2) முற்றிலும் உலர்ந்த 40 கிலோ பருத்தி நூலின் வியாபார எடை என்ன?

(3) உங்கள் சங்கத்தின் எடைப் புத்தகத்தில், நிறுத்த நாளும் சரக்கின் நிலையும் எழுதப்படுகின்றனவா? இல்லையாயின், அடுத்த கூட்டத்தில் இதனை விவாதிக்கவும்.