காற்றில் மிதக்கும் இழைகளை எண்ணுவது எப்படி?

என் அப்பா பாய்லர் குழாய்களுக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றும் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவின் சட்டையை அம்மா தனி வாளியில்தான் துவைப்பார். சேர்த்துப் போட்டால் எல்லோருக்கும் அரிக்கும். போன வருஷம் அப்பாவுக்கு உலைக்குள் செராமிக் ஃபைபர் போர்வை பதிக்கும் வேலை கிடைத்தது. "இது தேவலப்பா, அவ்வளவா அரிக்கல" என்றார். எனக்கும் சந்தோஷம். தொழிற்பாதுகாப்புப் பாடம் படித்தபின் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

தோலைக் குத்தி அரிக்க வைப்பது தடித்த இழை. நுரையீரலின் ஆழம்வரை போவது மெல்லிய இழை. அது கண்ணுக்கும் தெரியாது. 5 மைக்ரானுக்கு மேல் நீளம், 3 மைக்ரானுக்குக் கீழ் தடிமன், தடிமனைப் போல் 3 மடங்குக்கு மேல் நீளம் உள்ளதையே எண்ணச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தூசியை எடை போட்டால் போதாதா? போதாது. 10 மைக்ரான் தடிமனுள்ள ஓர் இழை, அதே நீளமுள்ள 1 மைக்ரான் இழைகள் நூற்றின் எடை இருக்கும். தடித்தது ஒன்று விழுந்தால் கணக்கே மாறிவிடும்.

ஆகவே தொழிலாளியின் பெல்ட்டில் பேட்டரி பம்பு, சட்டைக் காலரில் 25 மி.மீ. பில்டர் வைத்த கேசட், வாய் கீழே பார்த்தபடி. மூக்குக்குப் பக்கத்துக் காற்றுதான் வேண்டும். பிறகு பில்டரை அசிட்டோன் ஆவியில் கண்ணாடிபோல் தெளியவைத்து, ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப்பில் வட்டம் வட்டமாக எண்ணுவார்கள். (துண்டிலிருந்து வந்த மெல்லிய நூல் சிலும்பும் இதில் இழையாகவே தெரியும். இந்த முறையின் குறை அது.)

ஒரு கணக்கு போடுவோம். 50 வட்டங்களில் 100 இழை, அதாவது வட்டத்துக்கு 2. வட்டத்தின் பரப்பு 0.00785 ச.மி.மீ.; ஆக ஒரு ச.மி.மீ.க்கு 255. பில்டரில் காற்று பட்ட பரப்பு 385 ச.மி.மீ. என்றால் மொத்தம் சுமார் 98,000 இழை. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 4 மணி நேரம் இழுத்த காற்று 480 லிட்டர், அதாவது 4,80,000 கன செ.மீ. வகுத்தால் ஒரு கன செ.மீ.க்கு 0.2 இழை.

நாள் முழுக்க இதே அளவென்றால் நல்லதா, கெட்டதா? அமெரிக்காவின் ஏ.சி.ஜி.ஐ.எச். அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு கண்ணாடிப் பஞ்சுக்கு 1, செராமிக் இழைக்கு 0.2. அதே காற்று ஒன்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு, மற்றதற்கு விளிம்பு! பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் 2001-ல் பரிசீலித்து, செராமிக் இழையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்தது. காப்புக் கண்ணாடிப் பஞ்சை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது. அரிக்காத வேலைதான் அதிகக் கவனம் கேட்கிறது.

"உங்க சட்டையில யாராவது பம்பு மாட்டினாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"ஒரு தடவ ஆபீஸ் வாசல் சுவத்துல ஒரு டப்பா வச்சாங்க. காத்து நல்லாருக்குன்னாங்க."

உலைக்குள் போர்வையை அறுப்பது சுவரா?

அடுத்த மாதம் பழைய போர்வையைப் பிய்க்கும் வேலையாம். 1000 டிகிரிக்கு மேல் நாள்பட வெந்த செராமிக் இழையில் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்கா உருவாகும். அதை இழை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. நுண்தூசியைத் தனியாகப் பிடித்துச் சோதிக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் கேளுங்கள் என்றால் அப்பா தயங்குகிறார். நான் வந்து கேட்கிறேன் என்றேன். "நீ மொதல்ல டிப்ளமாவ முடி" என்கிறார்.