கடுங்குளிருக்குப் பிறகு பிரேக்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டொரண்டோவில் ஜனவரி இரவுகள் சில மைனஸ் 20 டிகிரியைத் தொடும். வின்னிபெக்கில் மைனஸ் 30 புதிதல்ல. மறுநாள் காலை கார் பிரேக் மக்கர் செய்தால், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சிலவற்றை நம்பினால் உயிருக்கே ஆபத்து.

நம்பிக்கை: பிரேக் ஆயில் உறைந்துவிட்டது.

உண்மை: உறையாது. டாட் 3, டாட் 4 ஆயில்களை மைனஸ் 40 டிகிரியில் சோதித்துத்தான் தரச்சான்று தருகிறார்கள். கொஞ்சம் கெட்டிப்படும், அவ்வளவுதான். பெடல் கல்லாக இறுகி, மிதித்தும் வண்டி நிற்கத் தயங்கினால் பூஸ்டரைச் சந்தேகியுங்கள். எஞ்சினிலிருந்து வரும் வேக்குவம் குழாயிலோ அதன் ஒருவழி வால்விலோ ஈரம் உறைந்தால் பூஸ்டர் உதவாது. முழு பலத்தையும் உங்கள் கால்தான் தர வேண்டும். வேக்குவம் பூஸ்டர் உள்ள காரில் இதை நீங்களே சோதிக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் நலம். அசையாவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள். எஞ்சின் சூடேறியதும் தானாகச் சரியானாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உள்ளே தங்கிய ஈரம் அடுத்த குளிரிலும் உறையும்.

நம்பிக்கை: குளிரில் பெடல் தளர்ந்து உள்ளே போவது சகஜம்.

உண்மை: சகஜமே அல்ல. என்னை அதிகம் கவலைப்படுத்துவது இந்த நம்பிக்கைதான். ரப்பர் சீல் விறைத்துக் கசியலாம். சாலையில் தூவும் உப்பு இரும்புக் குழாயை அரித்திருக்கலாம். சக்கரங்களின் உட்புறத்தில் ஈரக்கறை தெரிந்தால் டோ டிரக்கை அழையுங்கள். காலையில் மட்டும் எரிந்து அணையும் சிவப்பு பிரேக் விளக்கும் லேசுப்பட்டதல்ல. ஏற்கெனவே குறைந்திருந்த ஆயில் குளிரில் இன்னும் சுருங்கினாலும் அது எரியும். அப்படியானால் பேட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ கசிகிறது.

நம்பிக்கை: ஹேண்ட்பிரேக் உறைந்தால் வெந்நீர் ஊற்றலாம்.

உண்மை: கூடாது. அந்த நீரே திரும்ப உறையும். டிஸ்க்கும் விரிசல் விடக்கூடும். வண்டியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விடாவிட்டால் இழுத்து ஓட்டாதீர்கள்.

நம்பிக்கை: கரகரவென்று சத்தம் வந்தால் பேட் போய்விட்டது.

உண்மை: பெரும்பாலும் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துருதான், சில மிதிப்புகளில் போய்விடும். போகாவிட்டால் சோதியுங்கள். பனியில் மிதிக்கும்போது பெடல் துடிப்பது ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம், காலை எடுக்காதீர்கள். ஆனால் ஒரு சக்கரத்தில் மட்டும் சூடும் கருகல் வாடையும் வந்தால் கேலிப்பர் சிக்கியிருக்கலாம். அன்றைக்கே மெக்கானிக்கிடம் போங்கள்.